கையால் அடித்த அரிவாள்: எடையும் அளவும்

நம் கடலூர், சிதம்பரம் பகுதியிலுள்ள விவசாயச் சங்கமொன்று தன் அங்கத்தினருக்கு வெட்டரிவாள் வாங்கி வழங்க முற்படுவதாகக் கொள்வோம். ஊர்க் கொல்லரிடம் ஒரு மாதிரியைக் காட்டி, அதேபோல் ஐந்து அரிவாள்கள் செய்யச் சொல்லுகின்றனர். அவை வந்து சேர்ந்ததும் தராசிலிட்டுப் பார்த்தால், 600, 620, 640, 655, 710 கிராம் என்று ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. நிர்வாக சபையில் ஒருவர், "விலை ஒன்று, எடை ஐந்தா? அத்தனையையும் திருப்பி அனுப்புங்கள்" என்கிறார். மற்றொருவர், "கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும், பார்க்காமலே வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்.

இவ்விருவர் அபிப்பிராயமும் தவறானதே. முதலாமவர் பேச்சைக் கேட்டால், குற்றமற்ற வேலைக்குரிய கூலியைக் கொல்லர் இழப்பார். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், தகாத கருவியைப் பிடித்து உழைக்கும் அங்கத்தினரின் தோளும் மணிக்கட்டும் நோகும். ஆகவே, எந்த வித்தியாசத்தை ஏற்பது, எதை மறுப்பது என்று பகுத்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எடை ஏன் வேறுபடுகிறது?

முப்பது சென்டிமீட்டர் நீளமும், சராசரி நான்கு சென்டிமீட்டர் அகலமும், ஐந்து மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 60 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.85 கிராம் நிற்குமாதலால், தகட்டின் எடை 471 கிராம் ஆகிறது. கனத்தை ஒரு மில்லிமீட்டர் மட்டும் கூட்டினால் எடை 94 கிராம் கூடிவிடுகிறது. நம் ஐந்து அரிவாள்களில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள வித்தியாசம் 110 கிராம். அதாவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மில்லிமீட்டர் அளவு கனமே இவ்வளவு பெரிய வித்தியாசமாகத் தராசில் தோன்றுகிறது.

நீளம், அகலம், கனம் மூன்றும் பத்தில் ஒரு பங்கு கூடினாலோ, எடை பத்தில் ஒரு பங்கு கூடுவதோடு நிற்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அளவில் சிறிய வேற்றுமை எடையில் பெரிய வேற்றுமையாவதற்கு இதுவே காரணம்.

கொல்லரின் கைத்திறன் குறைவு மட்டும் இதற்குப் பொறுப்பன்று. பட்டறைக்கு வரும் இரும்பு பெரும்பாலும் பழைய லாரிகளின் வில் பட்டையாகும். அது வண்டிக்கு வண்டி கனத்தில் வேறுபடும். தேய்மானமும் ஒரே சீராக இராது. உலையில் காய்ச்சும் ஒவ்வொரு முறையும் இரும்பின் மேற்புறம் காற்றுப் பட்டுச் செதிலாகி, அடைகல்லின் மீது உதிர்ந்துபோகிறது. மூன்று காய்ச்சலில் முடிந்த அரிவாளும் ஆறு காய்ச்சலில் முடிந்த அரிவாளும் ஒரே எடையில் இருக்க முடியாது.

2. நேபாளத்துக் கத்தி

இரவு வேளையில் விசில் ஊதிக்கொண்டு நம் நகரத் தெருக்களில் காவல் சுற்றும் கூர்க்காக்களை நாம் அறிவோம். அவர்கள் இனத்தவர் போற்றும் 'குக்ரி' என்னும் வளைந்த கத்தி உலகப் புகழ் பெற்றது. புதர் வெட்டவும், விறகு பிளக்கவும், சமையலுக்கு நறுக்கவும் நேபாளத்துக் கிராம மக்கள் அதனையே கையாளுகின்றனர். அந்நாட்டுக் 'காமி' கொல்லர்களும் லாரியின் வில் பட்டையை வெட்டிக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தே அதைச் செய்கிறார்கள். ஒரே பட்டறையில், ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு குக்ரிகள் நீளத்திலும் எடையிலும் முற்றிலும் ஒத்திருப்பது அரிது.

ஆனால் ஒரு காரியத்தில் அவர்கள் வேற்றுமைக்கு இடங்கொடுப்பதில்லை. சிவக்கக் காய்ச்சிய கத்தியை முழுவதும் நீரில் அமிழ்த்தாமல், கெண்டியிலிருந்து அதன் வாயின் நெடுகிலும் மட்டும் நீரை ஊற்றித் தோய்ச்சல் கொடுக்கின்றனர். இதனால் வாய் கடினமாகிறது. முதுகு மென்மையாக இருந்து அடியைத் தாங்குகிறது. எடையில் சற்று முன்பின் இருக்கலாம். தோய்ச்சலில் பிழை இருத்தலாகாது. இப்பாடம் நமக்கும் பொருந்தும்.

3. ஏற்கத்தக்க வித்தியாசம்

ஐந்து அரிவாள்களின் மொத்த எடை 3,225 கிராம். சராசரி 645 கிராம். சராசரியினின்றும் பத்து சதவிகிதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சங்கம் விதி செய்துகொண்டால், 580.5 முதல் 709.5 கிராம் வரை ஏற்கலாம். 710 கிராம் அரிவாள் அரை கிராமினால் விதியை மீறுகிறது. அதைத் தள்ளிவிடலாமா? தள்ளுமுன், அதை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்று சிந்திப்பது அறிவுடைமை.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்பிலும் முந்திரித் தோப்பிலும் கிளை கழிப்பவருக்குக் கனமான அரிவாள் நல்லது. அதன் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பகுதிகளில் கரும்பு வெட்டுபவர் நிலையோ வேறு. அடிக்கரும்பில் சர்க்கரைச் சத்து மிகுதியாதலாலும், மறுதாம்பு நன்கு கிளைக்க வேண்டுமாதலாலும், அவர் குனிந்து தரையோடு தரையாக வெட்ட வேண்டும். ஒரு நாளில் 2,000 முறை கையை வீசுவதாகக் கொண்டால், அரிவாள் 50 கிராம் கூடுதலாயிருப்பது அன்று 100 கிலோ அதிகமாகத் தூக்குவதற்கு ஒப்பாகும். சிதம்பரம் வட்டாரத்தில் நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்திற்குப் போய்விட்டதாயினும், கருக்கரிவாள் பிடித்துப் புல்லறுக்கும் பெண்களுக்கு இலேசான அலகே ஏற்றது.

தராசு மட்டும் இதைச் சொல்லிவிடாது. அரிவாளை ஒரு விரலின் மேல் கிடத்தி, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறதென்று பார்க்க வேண்டும். அவ்விடம் பிடியினின்று விலகி முனையை நோக்கிப் போகப்போக, அதே எடை கைக்கு அதிக பாரமாகத் தோன்றும்.

4. மறுக்கத்தக்க குறைகள்

கைவேலை என்ற பெயரால் மன்னிக்கக் கூடாத குறைகளும் உண்டு. முதலாவது, எஃகுக்குப் பதிலாக மெல்லிரும்பைக் கொண்டு செய்வது. அது எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. இரண்டாவது, தோய்ச்சல் பிழை. எஃகை ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேடு வரை, காந்தம் ஒட்டாத நிலைக்குச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தபின், மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். அப்போது துலக்கிய பரப்பில் தோன்றும் வைக்கோல் மஞ்சள் நிறம் ஏறக்குறைய 230 டிகிரியையும், நீல நிறம் ஏறக்குறைய 300 டிகிரியையும் குறிக்கும். இந்தப் பதம் காட்டாத வாய் கண்ணாடிபோல் தெறித்துக் கண்ணில் படக்கூடும்; பதம் மிஞ்சியது மடங்கிவிடும். மூன்றாவது, அலகில் விரிசல். நான்காவது, பிடிக்குள் செல்லும் காம்பு குட்டையாக இருப்பதும் பூண் தளர்ந்திருப்பதும்.

சோதனை கடினமானதன்று. அரத்தை முதுகில் இழுத்தால் பற்ற வேண்டும். வாயில் இழுத்தால் பெரும்பாலும் வழுக்க வேண்டும். அலகைத் தொங்கவிட்டுத் தட்டினால் தெளிந்த ஓசை எழ வேண்டும். கரகரத்த ஓசை விரிசலுக்கு அறிகுறி. சரியான எடையுடன் இச்சோதனையில் தவறிய அரிவாளைவிட, எடை சற்று மாறி இதில் தேறிய அரிவாளே மேலானது.

5. கூலியும் நியாயமும்

நம் நெசவாள அங்கத்தினர் இதை எளிதில் உணர்வர். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் இருவருக்கு ஒரே நம்பர் நூலைக் கொடுத்தாலும், பலகை அடிக்கும் கை வேறாதலால் துணியின் அழுத்தம் சற்று வேறுபடும். அதைச் சங்கம் ஏற்கிறது. ஆனால் நீளக் குறைவையோ, அகலக் குறைவையோ, சாயம் போவதையோ ஏற்பதில்லை. கொடுத்த நூலையும் வந்த துணியையும் நிறுத்துக் கணக்கிடும் வழக்கமும் நெசவாளர் சங்கங்களில் உண்டு. கொல்லருக்கும் இதே அளவுகோலை வைப்பதே முறை.

கூலி கொடுக்கும் விதமும் எடையை மாற்றும் என்பதை மறத்தலாகாது. எடைக்குக் கூலி என்றால் அரிவாள் தடிக்கும். இரும்பும் கொல்லருடையதாகி, உருப்படிக்கு இவ்வளவு என்று பேசினால், இரும்பு விலை ஏறும்போதெல்லாம் அரிவாள் மெலியும். இவ்விரண்டிலும் குற்றம் கொல்லரைவிட ஏற்பாட்டைச் சேர்ந்ததே. சங்கமே நல்ல எஃகை வாங்கி நிறுத்துக் கொடுத்து, செதிலுக்கும் வெட்டுத் துண்டுக்கும் உரிய கழிவை முன்னரே கொல்லரோடு பேசி முடிவு செய்து, வேலைக்கு உருப்படிக் கூலி தருவதே சிறந்தது. அப்போது கொல்லருக்கு இரும்பைக் கூட்டவும் குறைக்கவும் காரணமே இராது.

உத்தரவு கொடுக்கையில், "645 கிராமில் ஐந்து" என்று எழுதாமல், "கரும்பு வெட்ட, 580 முதல் 640 கிராமுக்குள் மூன்று, கிளை கழிக்க, 660 முதல் 720 கிராமுக்குள் இரண்டு" என்று உபயோகத்தைக் குறித்து எழுதுக. சரக்கு வந்ததும், அங்கத்தினர் தத்தம் கையில் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். நாம் முதலில் கண்ட ஐந்து அரிவாள்களும் அரம், ஓசைச் சோதனைகளில் தேறுமாயின், அவற்றுள் ஒன்றையேனும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தும் ஐவர் கைக்கு உரியவையே.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

(1) நம் அங்கத்தினர் எந்தெந்த வேலைக்கு அரிவாள் வாங்குகின்றனர்? ஒவ்வொன்றுக்கும் ஏற்ற எடை வரம்பு யாது?

(2) 40 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அலகில் கனம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் எடை எவ்வளவு கூடும்?

(3) நம் ஊர்க் கொல்லருக்கு இப்போது எம்முறையில் கூலி தரப்படுகிறது? அதை மாற்றுவதாயின் அவருடைய கருத்து என்ன? அவரையும் கூட்டத்திற்கு அழைத்துக் கேட்கவும்.