பையில் பெப்பர் ஸ்பிரே இருந்தால் குற்றமா?

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வேலை முடிந்து ஸ்கூட்டரில் தனியாக வீடு திரும்புகிறேன். இரண்டு முறை பைக்கில் பின்தொடர்ந்து வந்தார்கள். அண்ணன் பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். “அதை அடித்தால் உன் மேலேயே கேஸ் வரும்” என்கிறார் கூட வேலை பார்ப்பவர். அதற்குக் கத்தியே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: ஸ்பிரேயைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கத்தி வேண்டாம். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதச் சட்டத்தின் பட்டியலுக்குள் போய்விடும். சின்னக் கத்தி என்றாலும், பிடுங்கிக்கொண்டால் உங்கள் மேலேயே திரும்பும்.

கூட வேலை பார்ப்பவர் சொன்னதில் கால்வாசி உண்மை. பெயரில்தான் மிளகு, குப்பிக்குள் இருப்பது மிளகாய்ச் சாறு. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவி நகை பறித்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதே காரம்தான். யார், எதற்காக, எந்த நேரத்தில் அடித்தார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இடத் தகராறில் ஸ்பிரே அடித்தவர்கள், தற்காப்புக்காக அடித்தோம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதபோது அந்த வாதம் எடுபடாது, ஸ்பிரேயும் அபாயகரமான ஆயுதமாகலாம் என்று சொல்லி, வழக்கை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. அபாயகரமான ஆயுதத்தால் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 118(1)-ன்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

உங்கள் நிலைமை வேறு. அதே சன்ஹிதாவின் பிரிவுகள் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விழும் என்ற நியாயமான அச்சம் போதும். வந்தவன் குடிபோதையில் இருந்தாலும் உரிமை அப்படியேதான் (பிரிவு 36). ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது (பிரிவு 37). வழிமறித்து வண்டிச் சாவியைப் பிடுங்க வருபவன் முகத்தில் அடித்தால் அது தற்காப்பு. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் மேல் குப்பியைக் காலி செய்தால் அது வேறு கணக்கு. நேற்று பின்தொடர்ந்தவனை இன்று டீக்கடையில் பார்த்து அடித்தாலும் அப்படித்தான்.

அதனால்தான் பழகிப் பார்க்கச் சொல்கிறேன். பதற்றத்தில் பழகாத விரல் பட்டனை விடாது. தண்ணீர் நிரப்பிய பயிற்சிக் குப்பி கிடைத்தால் வாங்கி, மொட்டைமாடியில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அடித்துப் பாருங்கள். ஒரு நொடி அழுத்தம், உடனே விலகல். இது கைக்கு வர வேண்டும். பரவலாகத் தூவும் வகையைவிடக் கோடுபோலப் பாய்வதே சாலைக்கு நல்லது. எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே திரும்புவது குறைவு. காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் போடாதீர்கள். பையின் அடியில் கிடந்தால் இருந்தும் இல்லாததே.

அடித்தபின் வெளிச்சமான இடத்துக்குப் போய் 112-ஐ அழையுங்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது (பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 108). ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று தோன்றினால் போதும். எனவே அவன் முந்துவதற்குள் அன்றிரவே நீங்கள் புகார் கொடுங்கள். குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஏற்கெனவே பின்தொடர்ந்த அந்த இரண்டு நாட்களைப் பற்றி இன்றே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.