ஃபைபர் போனுக்கு மாறுகிறீர்களா? கரன்ட்டையும் யோசியுங்கள்

தஞ்சாவூரில் 04362, கும்பகோணத்தில் 0435 என்று தொடங்கும் வீட்டு போன்களை பிஎஸ்என்எல் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றி வருகிறது. மாறுவது நல்லதுதான். மழைக்காலத்தில் டெல்டா மண்ணுக்கடியில் கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் போன் கரகரக்கும். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்துக்கும் இன்டர்நெட் வேகம் குறையாது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பழைய போனுக்கு வீட்டு கரன்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட் அதே கம்பியில் வந்தது. ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. சுவரில் மாட்டும் ஃபைபர் மோடம் உங்கள் வீட்டு பிளக்கில்தான் ஓடும். கரன்ட் போனால் போனும் போச்சு, வைஃபையும் போச்சு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மோடம் பிளக்கை அந்த லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கலாம்; அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். அது சில மணி நேரம்தான் தாங்கும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால், சார்ஜ் போட்ட ஒரு பட்டன் போனும் கைவசம் இருக்கட்டும்.

பழைய எண் அப்படியே வருமா, கட்டிய டெபாசிட் என்னாகும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.