வரம்போரப் பூண்டுகளும் சிற்றுயிர்களும்

சித்திரை கழிந்து சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால்களை வந்தடைந்ததும், காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளிற் சிறுபோக வேலை சூடுபிடிக்கின்றது. விதைத்தபின் கமக்காரர் நாள்தோறும் வயலுக்குச் செல்வர். ஆயினும் பலர் நீரை மாத்திரம் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். கச்சான் காற்று எழுமுன், பனி உலராத வேளையில், வரம்பின்மேல் அரை மணி நேரம் மெல்ல நடந்து அங்குள்ள பூண்டுகளையும் சிற்றுயிர்களையும் இனங்கண்டு வருவோருக்கு வீணான மருந்துச் செலவு குறையும்.

முதலிற் பூண்டுகளைக் கவனிப்போம். இளம் பருவத்தில் நெற்சப்பி நெல்லைப் போலவே தோன்றும். இலை தண்டைத் தழுவி நிற்கும் மடலும், விரிந்த தாளும் கூடுமிடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். நெல்லில் அவ்விடத்தே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வொன்று உண்டு. நெற்சப்பியில் அது இல்லை. களை பிடுங்க வரும் பிள்ளைகளுக்கும் இக்குறியைக் காட்டிவைத்தல் நன்று. வரம்பில் இத்தகைய புற்கள் கதிர்விடுமாயின், நெல் மூட்டுப்பூச்சி அவற்றிலே தங்கிப் பெருகி, நெல் பால்பிடிக்கும் தருணத்தில் வயலுக்குள் இறங்கும். ஆகையாற் புற்களைக் கதிர்விடுமுன் அரிந்துவிடுதல் வேண்டும். தும்பை, கரிசாலை முதலிய பூக்குஞ் செடிகளை முற்றாக அழித்தல் வேண்டா. பூந்தேனை உண்ணும் நுண்குளவிகள் நமக்கு உதவுவன. அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இனி நெற்பயிரின் அடியை விலக்கிப் பாருங்கள். நீரின்மேல் விரைந்தோடும் கபில நிறச் சிலந்தி தென்படும். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. ஓடிப் பிடித்து உண்பது. முட்டைப் பொதியைப் பின்னே காவித் திரிந்து, பொரித்த குஞ்சுகளை முதுகிற் சுமக்கும். இதனைக் கண்டு அருவருப்போர் உளர்; ஆனால் அடித்தண்டிற் சாறுறிஞ்சும் கபிலத் தத்திக்கு இதனினும் பெரிய பகை வயலில் அரிது. தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே புதைத்து இடுவதால், தெளிக்கும் மருந்து அம்முட்டைகளை எளிதில் எட்டுவதில்லை. சிலந்திகளோ மடிந்துபோகின்றன. சில நாளிற் பொரிக்கும் தத்திக் குஞ்சுகளைத் தடுக்க அங்கே எவரும் இல்லை. இந்தோனேசியாவில் மருந்து மிகுதியாகத் தெளித்த வயல்களில் தத்தி அடங்காது பெருகியமையால், 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடை செய்தது.

கத்தரித் தோட்டஞ் செய்வோருக்கு வேறொரு மயக்கம் உண்டு. புள்ளி வண்டுகள் யாவும் ஒன்றல்ல. முதுகு பளபளப்பாயுள்ளவை பெரும்பாலும் அழுக்கணவனை உண்பவை. அவற்றைக் கொல்லுதல் கூடாது. முதுகு மங்கி, நுண்ணிய மயிரடர்ந்து, பல கரும்புள்ளிகளுடன் இருப்பது எபிலக்னா வண்டு; இலையைச் சுரண்டிச் சல்லடை போலாக்குவது இதுவே. வேலியோரத்து மணத்தக்காளியிலும் இது வாழும். எனவே கத்தரியைப் பார்க்குமுன் அச்செடியைப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

முன்னர் குறித்த நுண்குளவிகளை வெறுங்கண்ணால் வயலிற் காண்பது கடினம். அவற்றை அறிய எளிய வழியொன்றுண்டு. நெல்லிலையின் நுனிப்பக்கத்தில் மங்கிய மஞ்சள் மயிர் போர்த்த சிறு திட்டுக்கள் காணப்படும். அவை தண்டு துளைப்பானின் முட்டைக் குவியல்கள். அத்தகைய பத்து இலைத்துண்டுகளைக் கொய்து ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயைப் பஞ்சினால் இறுக அடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணி கட்டினாற் குளவிகள் அதனூடே தப்பிவிடும். ஏறக்குறைய ஒரு கிழமையிற் பொரிக்கும். கருந்தலையுடைய சிறு புழுக்கள் நூலிற் தொங்கினால் அவற்றை அழித்துவிடுங்கள். கரும்பொடி போன்ற குளவிகள் பறந்தால், அவை தண்டு துளைப்பானின் முட்டைகளுக்குள்ளே வளர்ந்து அவற்றை அழித்தவை. போத்தலை வயலுக்கு எடுத்துச் சென்று, மாலையில், காற்று அடங்கியபின் வரம்பிலே திறந்து வையுங்கள்.

புழுக்களினும் குளவிகள் மிகுந்திருந்தால் அந்தக் கிழமை மருந்து தெளிக்க வேண்டியதில்லை. அடுத்த கிழமை மீண்டும் பத்து இலைகளைக் கொய்து பாருங்கள்.