தலையசைத்தால் புரிந்துவிட்டதா?

செவித்திறன் அற்ற நோயாளி மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதைப் புரிந்ததன் அடையாளமாகக் கொள்வது ஆபத்தானது. பின்னால் காத்திருப்போரின் அவசரமும், மறுபடி கேட்பதிலுள்ள கூச்சமும் பலரைத் தலையசைக்கச் செய்கின்றன. மாத்திரை அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, எப்போது, எத்தனை என்று அவரையே காட்டச் சொல்லுதல் வேண்டும்.

“உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்” என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. அது ஓரளவே உண்மை. ‘மருந்து’ என்றாலும் ‘பருந்து’ என்றாலும் உதடுகள் ஒன்றுபோலவே அசைகின்றன. ககரமோ உதட்டுக்கு வராமல் வாய்க்குள்ளேயே பிறந்து மறைகிறது. முகக்கவசம் அணிந்துவிட்டால் அந்த ஓரளவும் இல்லை. உரக்கக் கத்துவதால் உதட்டசைவு சிதைகிறதேயன்றிப் பயன் இல்லை.

எழுதிக் காட்டலாம்; ஆயினும் சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாம் மொழியே. சீட்டில் ‘காலை’ என்றிருந்தால் அது பொழுதா, உடலுறுப்பா என்று தயங்க இடமுண்டு. சூரியனையும் நிலவையும் வரைந்து, அருகில் எண்ணிக்கையை இடுவது மேல்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது, உடன்வரும் பிள்ளைகளையே மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கம். கடுமையான செய்தியை அவர்கள் மென்று விழுங்கிச் சொல்வது இயல்பு. தாயின் மாதவிடாய்ச் சிக்கலைப் பள்ளி செல்லும் மகன் வழியே விசாரிப்பது இருவருக்கும் கொடுமை. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருபவர் நோயாளி. ஆதலால் விளக்கமும் அவரையே சேர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்பதற்குள் சைகை மொழியையும் அடக்குகிறது. எனவே சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை கோருவதன்று. முன்பதிவின்போதே தெரிவித்துவிடுங்கள், நேரில் வர இயலாதவர் காணொளி அழைப்பிலும் உதவலாம்.

சைகை செய்யும் கையில் சலைன் ஊசி ஏற்றினால் நோயாளியின் வாயைக் கட்டியதற்கு ஒப்பாகும். இயன்றவரை மறு கையில் ஏற்றும்படி செவிலியரிடம் கூறுங்கள். எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் முன்கூட்டியே சைகை பேசிவைப்பது நல்லது. காக்ளியர் கருவி பொருத்தியவர் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அதனுள் காந்தம் உள்ளது. அறுவை அரங்கிற்குச் செல்லுமுன் கழற்றும் காது கருவியைப் பெயரெழுதிய டப்பாவில் இட்டுச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் அது அவர் அருகில் இருக்க வேண்டும்.