பராமரிக்கிறவர்களைத் தாங்குவது யார்?



யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தின் யுத்தத்தை ஞாயிறு பள்ளி நாள் முதல் அறிவோம். மோசேயின் கைகள் சோர்ந்தபோது ஆரோனும் ஊரும் இரு பக்கமும் தாங்கினார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கைகளைத் தாங்குமுன் அவர்கள் செய்த ஒரு காரியமும் 12-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். இந்த மாதப் பாடத்துக்கு அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளுகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் டிமென்ஷியா என்னும் முதுமை மறதி நோயை நோயாக எண்ணுகிறவர்கள் குறைவு. "வயசாயிட்டா அப்படித்தான்" என்பார்கள். சிலர் காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டுவார்கள். ஆகையால் மறதிக்காக யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டோ வருகிறார்கள். பொறுமையாக விசாரித்தால்தான் கூட வந்த மருமகள் மெல்லச் சொல்லுவாள். மாமியார் இராத்திரியில் தூங்குவதில்லை. பிறந்த ஊருக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுகிறார். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் திண்ணைக்கு வந்து, "எனக்குச் சோறே போடுறதில்ல" என்று தெருவாரிடம் அழுகிறார்.

இந்தக் கடைசிக் காரியம்தான் குடும்பங்களை உடைக்கிறது. அக்கம்பக்கத்தார் நம்பிவிடுகிறார்கள். தோட்டைக் காணோம், மருமகள் எடுத்துவிட்டாள் என்று மாமியார் சொன்னால், நாத்தனார்கள் ஊரிலிருந்து வந்து நியாயம் கேட்கிறார்கள். மகனோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பகலில் பருத்தி எடுக்கவும் முந்திரிக் கொட்டை பொறுக்கவும் போய், இரவில் கண்விழித்து, அதன்மேல் அவப்பெயரையும் சுமக்கிற ஒரு பெண்ணை அன்பில்லாதவள் என்று தீர்க்க நமக்கு என்ன உரிமை?

2023-இல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டு. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடத்திலும் அதிகம். ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906-இல் விவரித்த நோய் இதன் முக்கியமான ஒரு வகை. மூளையின் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. புதிய நினைவு முதலில் போகும்; பழைய நினைவு நிற்கும். காலையில் சாப்பிட்டதை மறந்த பாட்டி கல்யாணத்துக்குக் கூட்டு வண்டியில் வந்ததைச் சொல்லுவது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும் மாத்திரைகள் உண்டு. ஆனால் தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுவது ஆகியவையும் மறதிபோலவே தோன்றும். இவைகளுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே ஒரு தடவையாவது மருத்துவரிடம் காட்டவேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் காத்திராமல் அன்றே கொண்டுவாருங்கள்.

மருந்து இல்லையென்றால் மருத்துவமனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் சிகிச்சைதான். 1957-இல் தொடங்கிய வேலூர் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்ளும் வழியை நம் மிஷன் மருத்துவமனைகளுக்குக் காட்டியது. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய், நோயை விளக்கி, குறை கேட்டு, ஆறு மாதம் உடனிருந்தார்கள். பராமரிக்கிறவர்களின் மனவேதனை குறைந்தது. பெரிய கட்டடமோ இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. (கட்டட நிதிக்குக் கொடுப்பவர்கள் வருத்தப்படவேண்டாம், அதுவும் தேவைதான்!)

வீட்டில் சொல்லிக்கொடுப்பவை எளியவை. பாட்டி செத்துப்போன தம்பியைத் தேடினால், "அவர் செத்து இருபது வருஷமாச்சே" என்று திருத்தினால் புதிதாய் அழுவார். "தம்பிக்கு என்ன பிடிக்கும்?" என்று பேச்சைத் திருப்பலாம். பொழுது சாயும்போது படபடப்பு கூடும். இருட்டுமுன் விளக்கைப் போடுங்கள். நேரம் பார்த்து நீங்களே கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் துணி நனைவது குறையும். நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கவளமாகக் கொடுங்கள். படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலில் சளி கட்டும். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். நம் பகுதிக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்லுகிறோம். பருத்திக்கும் சோளத்துக்கும் அடிக்கும் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளே இருக்கிறது. தண்ணீர் என்று எண்ணி எடுத்துக் குடித்துவிடுவார்கள். அதைப் பூட்டி வையுங்கள். ஆனால் மனுஷரைப் பூட்டி வைக்கவேண்டாம்.

இனி அந்தக் கல். பராமரிக்கிறவளுக்கு உட்கார இடம் வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் சபையின் சகோதரிகள் இருவர் போய்ப் பெரியவரோடு உட்கார்ந்தால், பழைய கீர்த்தனைகள் பாடினால் (பேச்சு போனபின்பும் பாட்டு நிற்பதுண்டு), அவள் தூங்கலாம், ரேஷன் வாங்கப் போகலாம், தன் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போகும்போது ஆலோசனை சொல்லாதீர்கள். "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று முதலில் அவளைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாசித்தால், பணத்தோடு வாரம் ஒரு தடவை அம்மாவைப்பற்றிக் குறை கேளாமல் மனைவியிடம் பேசுங்கள். மனச்சோர்வு மிஞ்சினால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகத் தமிழில் கிடைக்கும்.

உங்கள் காணிக்கை இந்த ஊழியத்தில் வீட்டுக்குப் போகும் செவிலியரின் பஸ் செலவாகவும், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையாகவும், இரவில் மாற்றும் துணியாகவும் போய்ச் சேருகிறது. பயன்படுத்தாத நல்ல பருத்தி வேட்டிகள், சேலைகள் இருந்தால் துவைத்து அனுப்புங்கள்.

ஜெபத்துக்கு: தன்னை அந்நியன் என்று எண்ணிக் கதவைச் சாத்தும் மனைவிக்குத் தினமும் சமைத்து ஊட்டுகிற முதிய கணவர்களுக்காக, தாத்தாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளுக்காக.