பேச வைக்கவும் ஒரு படிப்பு உண்டு



போன மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி அழுதுவிட்டார். "பையனுக்கு மூணு வயசாச்சு, இன்னும் அம்மான்னு கூப்பிடல. வசம்பு தேய்ச்சா பேசிடுவான்னு மாமியார் சொல்றாங்க." பதில் தெரியாமல் எல்லோரும் முழித்தோம். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்கள் சேரலாம். மொத்தம் 4 ஆண்டுகள். கடைசி ஒரு வருடம் முழுக்க நேரடிப் பயிற்சி. மைசூரில் மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இந்தப் படிப்பு உண்டு. நம் மாநிலத்திலும் சில கல்லூரிகளில் உண்டு.

என்ன சொல்லித் தருகிறார்கள்? காது எப்படிக் கேட்கிறது, நாக்கும் தொண்டையும் எப்படி ஒலி எழுப்புகின்றன, எந்த வயதில் குழந்தை என்ன பேசும் என்பதெல்லாம் பாடம். திக்குவாய், பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர்களுக்கான பயிற்சியும் உண்டு.

பேசாத குழந்தைக்கு முதலில் செய்வது காது பரிசோதனை. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? ஆகவே வசம்பு வேண்டாம், மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போவோம். "தானா பேசும்" என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

படித்து முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிக்குப் போகும்போது அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது மகனோடு வாராவாரம் இரண்டு பஸ் மாறிப் போகிறார். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இதைப் படித்து வந்தால் அந்த அலைச்சல் குறையுமே!

கூட்டத்தில் பேசுங்கள்:
1. நம் ஊரில் பேசத் தாமதமாகும் குழந்தைகள் யார் யார்?
2. பிளஸ் டூ படிக்கும் மகள்களுக்கு இதைச் சொன்னோமா?