எந்தக் கைக்கு எந்த வேலை?

தம்பி தங்கைகளே, காற்பந்து ஆடிக் கணுக்கால் பிசகினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட காட்டு, சரியாப் போயிடும்." கிள்ளானில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் பலர் மசாஜ் தொழிலில்தான் கௌரவமாகப் பிழைக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. பிசியோதெரபி 2016ஆம் ஆண்டின் சட்டம் 774இன் கீழ் வருகிறது. பாரம்பரிய இந்திய மருத்துவமும் கைரோபிராக்டிக்கும் அதே ஆண்டின் சட்டம் 775இன் கீழ் வருகின்றன.

இறுகிய தசையைத் தளர்த்துவது மசாஜ்காரரின் வேலை. அசைவைச் சோதித்து, பயிற்சி தந்து, பக்கவாதம் வந்தவரை மீண்டும் நடக்க வைப்பது என் வேலை.

ஆனால் சில வலிகளில் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லையா? எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரும் இழுக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிக்கிறதா? இரத்தக் கட்டியாக இருக்கலாம். உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லையா, தொடையிடுக்கு மரத்துப்போகிறதா? அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

யாரிடம் போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எங்க படிச்சீங்க? பதிவு இருக்கா? இது உங்க வேலைதானா?"

"இது என் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்க" என்று சொல்லத் தெரிந்தவரிடம் தைரியமாக முதுகைக் கொடுக்கலாம்.